புறங்கையில் ஒரு தட்டு

குளியலறையில் குழாய் திறந்தபடி இருந்தது. தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்வதற்கு அவ்வளவு தண்ணீர் தேவையில்லை. ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் பயான் செய்கிறவர் என் வீட்டுக்காரர். வாளி நிரம்பி வழிகிற சத்தத்தில் அவர் ஓங்கரிப்பது எனக்குக் கேட்டுவிடக் கூடாது, அதற்காகத்தான் அந்தக் குழாய். இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியவளிடம் ஒரு குழாயை வைத்து மறைத்துவிடலாம் என்று நினைக்கிற மனுஷனை என்ன சொல்வது? நோன்பு வயிறு, வெளியே வருவதற்கு உள்ளே ஒன்றும் கிடையாது. வெறும் ஓங்கரிப்புதான்.

கூடத்தில் எல்லாம் தயாராக இருந்தது. சுவரில் பச்சைத் துணி. ஜமாஅத் செயலாளர் ஷேக் பரீத் அண்ணன் கொண்டுவந்து ஆணி அடித்துக் கட்டிவிட்டுப் போனது. ஷேடு மாறிவிட்டது என்று ஆர்டர்காரன் தள்ளிவிட்ட பனியன் துணி. கேமராவில் பார்த்தால் நல்ல பச்சையாகத் தெரியும் என்றார், அப்படித்தான் தெரிந்தது. துணிக்கு முன்னால் ஒரு நாற்காலி, எதிரே கம்பி ஸ்டாண்டில் போன், அதைச் சுற்றி வளையமாக ஒரு விளக்கு. போனில் நேரலைக்கு ஆட்கள் வந்து காத்திருக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஸலாம் மேல் ஸலாமாக வந்து விழுந்துகொண்டிருந்தது.

கதவைத் தட்டினேன். "ஏனுங்க, நேரமாச்சுங்க. எல்லாம் வந்து உக்காந்திருக்காங்க."

குழாய் நின்றது. "உடம்பு ஒரு மாதிரியா இருக்கு ஜுலைகா. இன்னிக்கு வேண்டாம்னு சொல்லிரு" என்றார்.

செயலாளருக்குப் போன் போட்டு, நெட் இல்லீங்கண்ணா என்று சொன்னேன். நோன்பு வாயால் ஒரு பொய். "எங்கூட்டுல நல்லாத்தானுங்க ஆலிமா வருது" என்றார் அவர். "உங்கூடு ராயபுரமுங்க. இங்கத்த டவரே வேறீங்க" என்று அடித்துவிட்டேன். அவர் நம்பவில்லை என்பது அவர் விட்ட மூச்சிலேயே தெரிந்தது.

என் வீட்டுக்காரர் பெயர் கலீலுர் ரஹ்மான். பள்ளிவாசலில் இமாம், எல்லோருக்கும் கலீல் ஹஜ்ரத். வெள்ளிக்கிழமை மிம்பர் மேடையில் ஏறினால் கையில் துண்டுச் சீட்டு கிடையாது, தண்ணீர்ப் பாட்டில் கிடையாது. தெரு முனை வரை பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள், அத்தனை பேருக்கும் முன்னால் பேசுவார். கம்பெனி ஷிப்ட்டுக்கு ஓட வேண்டியவன்கூட எழுந்து போகாமல் கேட்பான் என்று சொல்வார்கள். சொல்வார்கள் என்றுதான் நான் சொல்ல முடியும். எங்கள் பக்கம் பெண்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போகிற வழக்கமில்லை. மார்க்கக் கல்வி படித்து ஆலிமா பட்டம் வாங்கிய நானே என் புருஷன் பயானை வீட்டு ஜன்னலில் நின்று ஒலிபெருக்கி வழியாகத்தான் கேட்டு வந்தேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து யூனிட்டில் கம்ப்ரசரைப் போட்டுவிட்டால் அதுவும் போச்சு.

இந்த ரமலானுக்கு நேரலை வைக்கலாம் என்று முடிவானதே பெண்களுக்காகத்தான். அஸர் தொழுகைக்குப் பிறகு, நோன்பு திறக்கிறதுக்கு முன்னால் ஒரு சின்ன பயான், அப்புறம் கேள்வி பதில். கேள்வியெல்லாம் என் போனுக்கு வரும். வீட்டில் உட்கார்ந்து பனியனில் பிசிறு வெட்டுகிற பெண்கள், செக்கிங் வேலைக்குப் போகிறவர்கள், பால் குடிக்கிற குழந்தையை வைத்திருக்கிறவர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். கம்பெனி பஸ்ஸில் வரும்போது பாங்கு சொல்லிவிட்டால் எதை வைத்து நோன்பு திறப்பது என்று ஒருத்தி. மாமியார் வேண்டுமென்றே விடிகாலைச் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பாமல் விட்டால் பாவம் யாருக்கு என்று இன்னொருத்தி. பள்ளிவாசலுக்குப் போய் எந்த ஆம்பிளையிடம் இதையெல்லாம் கேட்பார்கள்? இவர் ஒவ்வொன்றுக்கும் நிதானமாக, கேலி செய்யாமல் பதில் சொன்னார். பக்கத்து வீட்டு ரமீஜா கத்தரியைக் கீழே வைக்காமலே முழுசும் கேட்பாள். எங்களுக்கும் அவளுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான், இவர் பேசுவது நேராகவும் கேட்கும், கொஞ்சம் பின்தங்கி அவள் போனிலிருந்தும் கேட்கும்.

நானும் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். பேசும்போது இவர் வலது கையை மடக்கி மடக்கி விரிப்பார் என்பது அத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. நல்ல இடம் வரும்போது கண் லேசாகச் சுருங்கும். அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். கஞ்சி அடிப்பிடித்த நாளும் உண்டு.

ஒரு வாரம்கூட நன்றாகப் போகவில்லை. அதற்குள் அந்தத் தப்பு நடந்துவிட்டது.

குர்ஆனை மனப்பாடம் செய்தவர்களுக்கு மட்டுமே வருகிற தப்பு அது. மூசா நபியின் வரலாறு பல சூராக்களில் வருகிறது. ஒரு சூராவில் இருக்கும் வசனம் இன்னொன்றில் ஓரிரண்டு சொல் மாறி அப்படியே வரும். ஓதிக்கொண்டே போகிறவரின் கவனம் ஒரு நொடி பிசகினால் போதும், இந்த சூராவில் ஏறி அந்த சூராவில் இறங்கிவிடுவார். ரமலான் இரவுகளில் தொழுகிற தராவீஹ் தொழுகையில் இது சர்வசாதாரணம். அதற்காகவே இமாமுக்கு நேர் பின்னால் குர்ஆனை மனப்பாடம் செய்த இன்னொரு ஹாஃபிளை நிறுத்தியிருப்பார்கள். இவர் பிசகினால் அவர் சரியான சொல்லை எடுத்துக் கொடுப்பார், இவர் வாங்கிக்கொண்டு மேலே போவார். லுக்மா கொடுப்பது என்று அதற்குப் பெயர். தொழுகை முடிந்த பிறகு அதைப் பற்றி யாரும் மூச்சு விட மாட்டார்கள். தப்பு வந்தது, திருத்தியாகிவிட்டது, அவ்வளவுதான்.

நேரலையில் அஃராஃப் சூராவில் ஆரம்பித்தவர் ஷுஅரா சூராவுக்குள் போய்விட்டார். பின்னால் எடுத்துக் கொடுக்க யாருமில்லை, பச்சைத் துணிதான் இருந்தது. நான்கைந்து வசனம் போன பிறகு அவருக்கே உறைத்து, நிறுத்தி, முகம் வெளிறி, திரும்ப முதலிலிருந்து ஓதினார். மறுநாள் பார்த்தால் ரோஜாப்பூப் படம் வைத்திருக்கிற எவனோ ஒருத்தன் அந்த இடத்தை மட்டும் வெட்டி, திருத்தி ஓதியதை விட்டுவிட்டு, சிரிப்புச் சத்தம் சேர்த்து, குர்ஆனை மாற்றி ஓதும் இமாம் என்று தலைப்புக் கொடுத்துப் போட்டிருந்தான். அது எங்கெங்கோ போய்விட்டது. இவர் ஓதிய மதரஸாவின் குரூப்பிலேயே வந்துவிட்டது. அந்த ரோஜாப்பூ மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் என் நோன்பு என்ன கதி ஆகியிருக்கும் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

அதிலிருந்து இவர் ஆளே மாறிவிட்டார். ஒரு தொழுகைக்கும் அடுத்த தொழுகைக்கும் நடுவே போனை எடுத்து வீடியோவுக்குக் கீழே வந்திருப்பதையெல்லாம் படிப்பார். நல்லதாக எழுதியவர்கள் எத்தனையோ பேர், அதெல்லாம் இவர் கண்ணில் படவில்லை. நேரலைக்கு உட்கார்ந்தால் உள்ளங்கை வியர்த்து நனைந்துவிடும். நெஞ்சில் படபடப்பு. பிறகு குளியலறைக் குழாய். கடைசியில் அது தராவீஹ் வரைக்கும் வந்துவிட்டது. சரியாக ஓதிக்கொண்டிருக்கும்போதே சந்தேகம் வந்து நிற்கிறாராம். பின்னால் நிற்கிற ஹாஃபிள் தேவையில்லாத இடத்திலெல்லாம் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று செயலாளர் சம்சாரம் என்னிடம் சொன்னாள்.

நெட் இல்லை என்று நான் பொய் சொன்ன அன்றைக்கு மறுநாள் தாராபுரத்திலிருந்து என் ஓரகத்தி, இவர் அண்ணன் சம்சாரம், போன் செய்தாள். நலம் விசாரித்துவிட்டு, "ஏன் ஜுலைகா, பெருநா கழிச்சு தம்பி இங்க எங்க பாத்திரக் கடையில வந்து உக்காந்துக்கறேன்னு சொன்னாராமே. உங்களுக்கு ஊடு பாக்கட்டுமான்னு இவரு கேக்கச் சொன்னாரு" என்றாள். எனக்குத் தெரிந்த விஷயம் மாதிரியே பேசிச் சமாளித்தேன். போனை வைத்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. குண்டானுக்கும் அண்டாவுக்கும் விலை சொல்லவா இந்த மனுஷன் சின்ன வயசிலேயே வீட்டை விட்டுப் போய் மதரஸாவில் கிடந்து ஓதினார்? பாத்திரக் கடை கேவலம் என்று சொல்லவில்லை, இவர் அண்ணனுடைய அந்தக் கடை வருமானத்தில்தான் எங்கள் கல்யாணச் செலவே நடந்தது. ஆனால் அது இவர் இடமில்லை. தோற்று ஓடிப்போய் உட்காருகிற இடமாக அது ஆகக் கூடாது.

அவர் லுஹர் தொழுது வந்ததும் கேட்டேன். மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "எத்தன நாளைக்கு இப்படி நடுங்கிட்டு நிக்கறது? எனக்கு அல்லாஹ் மேல தவக்குல் பத்தல ஜுலைகா. ஈமான்லயே ஏதோ கோளாறு" என்றார்.

"கோளாறு இருக்கட்டுங்க. மொதல்ல டாக்டர்கிட்ட காட்டலாம் வாங்க" என்று கிளப்பிவிட்டேன்.

ராயபுரத்தில் பிரிசில்லா டாக்டர். எனக்கு தைராய்டு பார்க்கிறவர். எல்லாம் கேட்டு, பிரஷர் பார்த்து, இது பதட்டம்தான், உடம்பு சம்பந்தப்பட்டது, சரி செய்யலாம் என்றார். மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொல்லிக் கொடுத்தார். இவர் தயங்கித் தயங்கி, "இது நம்பிக்கை கொறஞ்சதால வர்றதுங்களா டாக்டர்?" என்று கேட்டார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்கள மாதிரி மேடையில பேசறவங்க எங்கிட்ட நெறையப் பேர் வர்றாங்க. எல்லாரும் இதே கேள்விதான் கேக்கறாங்க. அதுல ரெண்டு பேரு பாஸ்டர்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையை வைத்து மறைத்துக்கொண்டேன். "வெள்ளிக்கிழமை அத்தன பேர் முன்னாடி பேசறீங்களே, அங்க ஏன் மொதல்ல இது வரல? போன்ல மட்டும் ஏன் வந்துச்சு? என்ன வித்தியாசம்னு யோசிச்சுப் பாருங்க."

இவர் மேஜை விரிப்பின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "பள்ளியில தப்பு வந்தா எடுத்துக் குடுக்க ஆள் இருக்குங்க டாக்டர். போன்ல தப்புக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார். சொன்ன பிறகு அவரே தன் வார்த்தையைத் திரும்ப யோசிக்கிற மாதிரி இருந்தது. எடுத்துக் கொடுக்க ஆள். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் எனக்கு அதே ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தால் செயலாளர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நல்ல மனுஷன், செக்கிங் யூனிட் வைத்திருக்கிறார். "அஜ்ரத்து, ஆல்ட்டர் வராத டைலர் உண்டுங்களா? ஒரு பீஸ் தப்பாப் போச்சுன்னு மிஷினையே மூடுவாங்களா? நீங்க உக்காந்தாப் போதுங்க" என்று கெஞ்சினார். அப்புறம் மெதுவாக, "கமிட்டியில பேச்சு வந்துருச்சுங்க. இன்னிக்கும் நடக்கலீன்னா நாளையிலருந்து வெளியூர் ஆலிம் ஒருத்தரோட பழைய வீடியோவப் போட்டு விட்டர்லாம்னு சொல்றாங்க" என்றார். பழைய வீடியோவிடம் ரமீஜா எப்படிக் கேள்வி கேட்பாள்? அதைவிட, இன்றைக்கு விட்டால் இவர் பெருநாளுக்கு முன்னாலேயே மூட்டை கட்டிவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது.

செயலாளர் போனதும் ஸ்டாண்டில் இருந்த போனைக் கழற்றித் திருப்பி மாட்டினேன். இதுவரைக்கும் திரை அவர் பக்கம் இருந்தது. பேசப் பேசத் தன் முகத்தையும், கீழே வந்து விழுகிறதையும் பார்த்துக்கொண்டேதான் பேசினார். எந்த மனுஷனுக்குத்தான் நெஞ்சு படபடக்காது? இப்போது திரை என் பக்கம். போனுக்குப் பின்னால், அவருக்கு நேர் எதிரே, முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கேள்விகளையெல்லாம் பனியன் மடிப்பில் வைக்கிற அட்டைகளில் பெரிய எழுத்தில் எழுதி மடியில் வைத்துக்கொண்டேன்.

"நீ எதுக்கு இங்க உக்கார்ற?" என்றார், அஸர் தொழ வைத்துவிட்டு வந்தவர்.

"எடுத்துக் குடுக்கறதுக்குங்க."

"லைவ்ல பொம்பள கொரல் கேட்டா அதுக்கொரு வீடியோ போடுவானுங்க."

"கொரல் எதுக்குங்க? கொரோனா ரமலான்ல பள்ளியப் பூட்டி வெச்சிருந்தப்ப வூட்டுல நீங்க தொழ வெச்சீங்க, நான் பின்னாடி நின்னேன். இஷாவுல அஞ்சாவது ரக்அத்துக்கு எந்திரிச்சீங்களே. நான் என்ன பண்ணேன்?"

அவருக்கு நினைவு வந்தது. இரவுத் தொழுகையான இஷாவுக்கு நாலு ரக்அத்துதான், ஐந்தாவது கிடையாது. தொழுகையில் இமாம் தவறினால் ஆண்கள் வாய்விட்டுச் சொல்வார்கள். பெண்கள் பேசக் கூடாது, வலது கை விரல்களால் இடது புறங்கையில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அன்றைக்கு நான் தட்டினேன், இவர் எழுந்த வேகத்தில் உட்கார்ந்தார். அந்த ரமலான் முழுக்க சரியோ தப்போ என் புறங்கை இவருக்குப் பின்னால் தயாராக இருந்தது. "மூசா நபியே தனியாப் போகலீங்க. எனக்குப் பேச்சு சரியா வராது, அண்ணன் ஹாரூனையும் கூட அனுப்புன்னு அல்லாஹ்கிட்ட கேட்டு வாங்கிட்டுத்தான் போனாங்க. நீங்க அவங்களுக்கு மேலயா?" என்றேன். கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன். ஆனால் அவர் முகத்தில் பல நாள் கழித்துச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. குளியலறைக்குப் போனார். குழாய் திறந்தது. வாளி நிரம்புகிற நேரம் கழித்து வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

தொடங்கினேன். திரையில் ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். அவர் கண்ணை மூடி, டாக்டர் சொன்ன மாதிரி மூச்சை இழுத்து விட்டார். இறைவனைப் புகழ்ந்து, நபியை வாழ்த்தி ஹம்து ஸலவாத் சொன்னார். பிறகு வேறு எதையாவது ஓதக் கூடாதா, அதே அஃராஃப் சூராவை, அதே இடத்தை எடுத்தார். பிடிவாதக்காரர். விழுந்த இடத்திலேயே எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார் போல. நான் குர்ஆனை மடியில் விரித்துவைத்து விரலால் தொடர்ந்தேன். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த வசனம் வந்தது. நெற்றியில் வியர்வை பூத்தது. குரல் ஒரு இழை இறங்கியது. ஷுஅராவுக்குள் கால் வைத்துவிட்டார்.

தட்டினேன்.

சின்ன சத்தம்தான். ஆனால் அந்தக் கூடத்தில் அது எனக்கு மாடிவீடு வரைக்கும் கேட்டிருக்கும் போலத் தோன்றியது. அவர் ஓதுவதை நிறுத்திவிட்டார். போனுக்கு மேலாக என்னைப் பார்த்தார். எழுந்து போய்விடுவாரோ என்று பயந்தேன். யா அல்லாஹ், இந்த ஒரு தடவை என்று மனசுக்குள் கேட்டேன். அவர் அந்த வசனத்தின் தொடக்கத்துக்குப் போனார். மெதுவாக ஓதினார். பிரிகிற இடத்தில் சரியான பக்கம் திரும்பினார். கடைசி வரை போய்ச் சேர்ந்தார்.

பிறகு பச்சைத் துணிக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, "இப்ப ஒரு சத்தம் கேட்டிருப்பீங்க" என்றார். "நான் தப்பா ஓதினேன். போன வாரமும் இதே இடத்துல தப்புப் பண்ணினேன். அன்னிக்கு எடுத்துக் குடுக்க ஆள் இல்ல. இன்னிக்கு என் ஊட்டுக்காரங்க எதுத்தாப்புல உக்காந்திருக்காங்க. தொழுகையில பெண்கள் எப்படித் திருத்தணுமோ அப்படித் திருத்தினாங்க. இனிமே தெனமும் உக்காருவாங்க. நான் பெசகினா தட்டுவாங்க." கையை மடக்கினார், விரித்தார். கண் லேசாகச் சுருங்கியது.

திரை முழுக்க என்னென்னவோ வந்து விழுந்தது. மாஷா அல்லாஹ் என்றார்கள், பூ அனுப்பினார்கள். இமாமுக்கு மேல் பெண்டாட்டியா என்று ஒருத்தன் எழுதினான். ரோஜாப்பூவும் வந்தான், சிரித்துவிட்டுப் போனான். திரை என் பக்கம் இருந்ததால் அவரிடம் எதுவும் போகவில்லை. நான் முதல் அட்டையைத் தூக்கிக் காட்டினேன். மாமியார் கேள்வி. அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டுப் பதில் சொல்ல ஆரம்பித்தார்.

மறுநாள் வாசலில் மாடிவீட்டுச் சித்ராதேவி பிடித்துக்கொண்டாள். விருதுநகர் பக்கத்திலிருந்து வந்து கம்பெனியில் டெய்லராக இருப்பவள். "ஏக்கா, நேத்து சாயங்காலம் அண்ணன் பேசிட்டு இருக்கயில டப்புனு ஒரு சத்தம் வந்துச்சே, என்னமும் விழுந்துச்சா?" என்றாள். விவரம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அட, இப்புடி ஒண்ணு எங்களுக்கு இல்லாமப் போச்சே. எங்க வீட்டுக்காரருக்கு ராப்பகலாத் தட்டணும்" என்று போனாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். குழாய் இன்னும் திறக்கிறது. ஆனால் வாளி பாதி நிறைவதற்குள் மூடிவிடுகிறார். தொழுகைக்குக் கிளம்பும்போது போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறார், சில நாள் பாதி வழியில் திரும்பி வந்து கேட்கவும் செய்கிறார். தாராபுரத்தில் வீடு பார்க்க வேண்டாம் என்று அவரே அண்ணனிடம் சொல்லிவிட்டார். பெரும்பாலான நாள் என் கைக்கு வேலையே இருப்பதில்லை. சந்தேகம் வரும்போது ஒரு நொடி என் கையைப் பார்ப்பார். அது மடியில் சும்மா கிடப்பது தெரிந்ததும் மேலே போவார்.

நேற்று கஞ்சி பொங்குகிற வாசம் வந்து நான் முக்காலியை விட்டு அடுப்படிக்கு ஓடினேன். கரண்டியைப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தபோது இவர் துஆவை முடித்துவிட்டு, "இன்ஷா அல்லாஹ் நாளைக்குப் பத்தொன்பதாம் நோன்பு" என்று சொல்வது கேட்டது. நேற்றைக்கே பத்தொன்பது. கரண்டியும் கையுமாக நான் கூடத்துக்கு வருவதற்குள் அவர் அடுத்த வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டார். அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, போன் பின்தங்கி வருகிற அந்தக் கொஞ்ச நேரம் கழித்து, ஒரு தட்டு கேட்டது. ரமீஜா. இவர் பேச்சை நிறுத்தினார். பின்வீட்டுப் பக்கமிருந்து இன்னொன்று. அதற்குப் பிறகு, எல்லாவற்றுக்கும் கடைசியாக, மாடியிலிருந்து கணீரென்று ஒன்று வந்தது. சித்ராதேவிக்கு எத்தனையாவது நோன்பு என்று எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், முதல் நோன்பிலிருந்து தினமும் எங்கள் வீட்டுக் கஞ்சித் தூக்கு மேலே அவளுக்குப் போய்க்கொண்டுதானே இருக்கிறது.

காலியாகக் கிடந்த முக்காலியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு முகத்தை நிமிர்த்தி, இன்னும் ஏதாவது வருகிறதா என்று, மேலே மாடியைப் பார்த்துக் காது கொடுத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.